பேராச்சி பெயரில் மூன்றரை வருடம்

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. இப்படிச் சொல்லிக்கொண்டே நுழைத்துவிடுவேன் என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் என்று போர்டு மாட்டி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஆதாரில் அப்பா பெயரைத் திருத்துவதிலிருந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய் மேல் புகார் கொடுப்பதுவரை எல்லாம் என் கீபோர்டு வழியாகத்தான் போகிறது. ஊர்க் கதை முழுவதையும் கையால் அடிப்பவனுக்கு மூக்கு மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?

மாரீஸ்வரி வந்தது போன வருடத்துக்கு முந்திய நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணி. அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன்.

"அண்ணாச்சி, ஒரு லெட்டரு அடிக்கணும். நாலு மணிக்குள்ள செம்பூர்ல குடுத்தாகணும்."

"நாலு மணி லெட்டருக்கு ஒன்றரை மணிக்கு வாரியே தாயி, நேத்து என்ன செஞ்சுக்கிட்டு இருந்த?"

"நேத்துப் பூரா யோசிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்ன விதத்தில் நான் டப்பாவை மூடிவிட்டேன். மாரீஸ்வரியை எனக்கு அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெரியும். புருஷன் ராஜபாண்டி தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. இவள் செம்பூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் துணி அறையில் இருக்கிறாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி எல்லாம் பேஸ்மென்ட்டில் உள்ள அந்த ஒரே அறைக்கு வந்து, பிரிந்து, துவைக்கப் போய், மடிந்து, மறுபடி மாடிக்கு ஏறும். கிழிந்தது மாரீஸ்வரியின் மெஷினுக்கு வரும். நாற்பத்தி மூன்று வயதுக்காரி. அதிகம் பேசமாட்டாள். பேசினால் திரும்பச் சொல்லமாட்டாள்.

பையிலிருந்து நோட்டீஸ் நகலை எடுத்து நீட்டினாள். துணி அறை சூப்பர்வைசர் பதவி. உள்ளே வேலை செய்கிறவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். பத்து வருட சர்வீஸ் வேண்டும். என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று சொந்தக் கடிதம் ஒன்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரவேண்டும். கடைசி நாள் வெள்ளி, மாலை நான்கு மணி. இந்த நோட்டீஸை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். இரண்டு நாளைக்கு முன்னால், புதன்கிழமை, இதே நாற்காலியில் இன்னொருத்தர் உட்கார்ந்து இதே பதவிக்கு என்னிடம் கடிதம் அடித்துக்கொண்டு போயிருந்தார். அதை நான் சொல்லவில்லை. டைப்பிங் கடைக்காரன் வாயைத் திறந்தால் மறுநாள் கடையைத் திறக்க முடியாது.

"பழைய சூப்பர்வைசர் பூதத்தான் ரிட்டையர் ஆயிட்டாரா?"

"போன மாசத்தோட. ரெண்டு வருஷமா அவரு வேலையும் நாந்தான் பாக்கேன் அண்ணாச்சி. அவருக்குக் கண்ணு தெரியாது. வார்டு வாரியாக் கணக்கு எழுதுறது, ஸ்டோர்ல சண்டை போடுறது எல்லாம் நாந்தான். போர்டுல மட்டும் அவரு பேரு இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த போர்டுல என் பேரு வரணும். வேற ஒண்ணும் இல்ல."

நான் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தேன். மதிப்பிற்குரிய ஐயா என்பதை ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, "எத்தனை வருஷ சர்வீஸு?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த லேமினேஷன் ரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கார்டுப்படி எட்டு வருஷம் மூணு மாசம்."

"பத்து கேக்கானே."

"இருக்கு. பதினொண்ணே முக்காலு இருக்கு. கார்டுலதான் இல்ல."

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. நம் ஆட்களில் இது புதிதா என்ன? ஒருத்தி ஊருக்குப் போனால் அவள் கார்டை இன்னொருத்தி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். பத்லி என்பார்கள். சம்பளம் கார்டுக்காரி பெயரில் வரும், பாதியோ முழுசோ வேலை செய்தவள் கைக்குப் போகும். முக்கியமான விஷயம், வேலை எங்கள் சந்துக்காரர்களை விட்டு வெளியே போகாது. கார்டில் தபால்தலை அளவுக்கு ஒரு போட்டோ. நெற்றியில் பெரிய பொட்டு, இழுத்துச் சீவிய தலை, அதே நீல யூனிபார்ம் சேலை. பேஸ்மென்ட்டுக்கு இறங்கி வந்து யார் முகம் பார்க்கப் போகிறார்கள்? கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தவரே பூதத்தான்தான். அவர் எங்கள் சந்துக்காரர்.

"யாரு கார்டுல நின்ன?"

"எங்க மதினி கார்டுல. பேராச்சி மதினி."

என் கை கீபோர்டிலிருந்து தானாக இறங்கியது. புதன்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது பேராச்சிதான். ராஜபாண்டியின் அக்கா. மாரீஸ்வரிக்கு நாத்தனார்.

மாரீஸ்வரி சொல்லிக்கொண்டு போனாள். பேராச்சியின் புருஷனுக்குப் பக்கவாதம் வந்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாதம் என்று போனது மூன்றரை வருடம் ஆனது, அவர் இறந்த பிறகுதான் பேராச்சி திரும்பி வந்தாள். அதுவரை மாரீஸ்வரிதான் பேராச்சி. அந்தச் சமயத்தில்தான் எல்லாரையும் பெர்மனென்ட் ஆக்கினார்கள். ஃபாரம் நிரப்பினதும், சர்வீஸ் ஃபைலில் ஐந்து இடத்திலும் தினமும் ஹாஜிரி என்கிற வருகை நோட்டிலும் பேராச்சி என்று கையெழுத்துப் போட்டதும் மாரீஸ்வரி. மதினி திரும்பி வந்ததும் கார்டைக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் வீட்டில் ஜிப் தைத்தாள். பிறகு புதிதாக ஒரு இடம் வந்தது, சொந்தப் பெயரில் சேர்ந்தாள். அதற்குள் விரல் வைக்கும் மெஷின் வந்துவிட்டது. யாரும் யாரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, ரெண்டாயிரத்துப் பதிமூணுல நடந்தத மட்டும் எழுதணும். தியேட்டர் துணிக்குள்ள ஒரு பிளேடு கிடந்துச்சு. மடிச்சு மூட்டையாக் கட்டி லாண்டிரிக்குப் போகப் போவுது. கை வச்சதும் எனக்குத் தெரிஞ்சிட்டு. அப்படியே போயிருந்தா துவைக்கிற காலித் பாய் கை போயிருக்கும். மேலேயிருந்து பெரிய டாக்டரே இறங்கி வந்து சர்ட்டிபிகேட் குடுத்தாரு."

"யாரு பேர்ல குடுத்தாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த சர்ட்டிபிகேட்டைப் புதன்கிழமை நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். பேராச்சி வீட்டுச் சுவரிலிருந்து ஃபிரேமோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடியை எடுக்க நான்கு ஆணி பிடுங்கவேண்டியிருந்தது. பிளேடு கண்டுபிடித்த கதையை அவள் தன் கதையாகத்தான் சொன்னாள். நானும் ஆங்கிலத்தில் கொஞ்சம் அலங்காரம் சேர்த்து அடித்துக் கொடுத்தேன். இப்போது அதை நினைக்க எனக்கு எரிச்சலாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"இத எழுதினா என்ன ஆகும் தெரியுமா?" என்றேன். "ஆள்மாறாட்டம்னு உன்னை வெளிய அனுப்புவான். உங்க மதினியையும் அனுப்புவான். ரிட்டையர் ஆவுறதுக்கு ரெண்டு வருஷம் கிடக்குற பொம்பளை."

"அதைத்தான் நேத்துப் பூரா யோசிச்சேன்."

மணி இரண்டு. சயான் போய் பஸ் பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்க முக்கால் மணி நேரம், டிராஃபிக் இருந்தால் ஒரு மணி நேரம். மூன்றுக்குள் அவள் இங்கிருந்து கிளம்பவேண்டும். ஸ்கிரீனில் மதிப்பிற்குரிய ஐயாவுக்குக் கீழே ஒன்றுமில்லை.

அப்போதுதான் பேராச்சி படியேறினாள். மூச்சு வாங்கியது. முட்டியைப் பிடித்துக்கொண்டு, "காளி, அந்தப் பய காகஜைத் திருப்பிக் குடுத்துட்டான்டே" என்றவள், மாரீஸ்வரியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

கையில் நான் அடித்துக்கொடுத்த கடிதம். அதன் மேல் ஆஸ்பத்திரி ஆபீஸ் அதிகாரி நகுல் பென்சிலால் எழுதியிருந்தார். கையெழுத்து சர்வீஸ் ஃபைலில் உள்ளதுபோல இல்லை, இன்று நான்கு மணிக்குள் சரியான கையெழுத்தோடு கொண்டுவரவும், இல்லையென்றால் காரணத்தை எழுதித் தரவும். நான் அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். கடிதத்தோடு பின் அடித்திருந்த சர்ட்டிபிகேட் நகல் மேஜைமேல் விழுந்து கிடந்தது. மாரீஸ்வரி அதை எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"மதினி, நீங்களும் எழுதிப் போட்டிருக்கியளா?"

"ஆமாட்டி. எனக்கு இருபத்தி நாலு வருஷ சர்வீஸு இருக்கு. முட்டி ரெண்டும் போச்சு. கடைசி ரெண்டு வருஷம் நாற்காலில உக்காந்துட்டுப் போறேனே, அதுல உனக்கு என்ன?"

"இந்த பிளேடு?"

"என் பேருதான போட்டிருக்கு."

"பேரு உங்களதுதான்."

வெளியே ஒரு டெம்போ ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. பேராச்சிதான் முதலில் இறங்கி வந்தாள்.

"ஏட்டி, நடந்தது நடந்துட்டு. எனக்கு அந்தக் கையெழுத்து வர மாட்டேங்கு. புதன்கிழமை ராத்திரி வரைக்கும் போட்டுப் பாத்தேன். சுழிச்சிச் சுழிச்சி நீ என்னமோ போட்டு வச்சிருக்க. இந்தா, இன்னொரு தடவை போட்டுக் குடு. உன்னையே தேடித்தான் வீட்டுக்குப் போனேன், பூட்டிக் கிடந்துச்சு."

பேனாவை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. எழுந்து பேராச்சியைக் கேட்டிருப்பேன். ஆனால் யோசித்தால் எந்தப் பக்கம் போனாலும் சுவர். மாரீஸ்வரி கையெழுத்துப் போட்டால், அவள் பார்த்த மூன்றரை வருடமும் அவள் கண்டுபிடித்த பிளேடும் சேர்ந்து பேராச்சியைச் சூப்பர்வைசர் ஆக்கும். போடாவிட்டால் ஃபைல் கிளறப்படும். பேராச்சியின் இருபத்தி நாலு வருடம் காற்றில் போகும், அதில் நின்ற மாரீஸ்வரியும் போவாள்.

மாரீஸ்வரி பேனாவை மேஜைமேல் வைத்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணாச்சி, குடுத்த அப்ளிகேஷன வேண்டாம்னு திரும்ப வாங்கலாமா?"

"வாபஸ்னு ஒரு லெட்டர் குடுத்தா போதும். வாபஸ் வாங்கிட்டா ஒரு பயலும் ஃபைலைக் கிளற மாட்டான்."

"அதுக்கும் கையெழுத்து வேணும்லா?"

"வேணும்."

"அப்ப அதுல போடுதேன் மதினி. உங்க பேர்ல வேலை வாங்குறதுக்குப் போட மாட்டேன்."

பேராச்சிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கடையே அதிர்ந்தது. "நன்னி கெட்டவளே! உன் புருஷன் பட்டறை மூடிப்போயி வீட்டுல கிடந்தப்ப உன் கையில கார்டக் குடுத்தது யாருட்டி? உன் பிள்ளைங்க எதைத் தின்னு வளந்துச்சு?"

"நீங்கதான் குடுத்திய. நான் இல்லன்னு சொல்லல." மாரீஸ்வரியின் குரல் உயரவில்லை. "மூணரை வருஷம் கழிச்சு அண்ணன பறிகுடுத்துட்டு வந்தியள்ள, அன்னைக்கு உங்களுக்கு வேலை இருந்துச்சா இல்லையா? கார்டு அப்படியே இருந்துச்சா இல்லையா? ஒரு நாளு ஹாஜிரி விட்டிருக்கேனா? காய்ச்சல்ல கூடப் போனேன் மதினி. நான் போகலன்னா உங்களுக்குல்ல ஆப்சென்ட் விழும்!"

பேராச்சி ஸ்டூலில் உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். சுவரில் மணி இரண்டு இருபத்தைந்து. நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே அது ஆச்சரியம்.

"என்ன பாத்துக்கிட்டு இருக்க?" என்றாள் பேராச்சி, என்னைப் பார்க்காமலே. "அடிடே. வாபஸ்னு அடி."

முட்டிவலி காரணமாக விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று மூன்றே வரி. பிரிண்டரிலிருந்து எடுத்து நீட்டினேன். மாரீஸ்வரி பேனாவை எடுத்தாள். யோசிக்கவில்லை, நிறுத்தவில்லை. ஒரே இழுப்பில் பேராச்சி என்று ஓடி, கடைசியில் ஒரு சுழி சுழித்து, கீழே ஒரு கோடு இழுத்து நின்றது. ஒன்பது வருடமாகப் போடாத கையெழுத்து. நேற்றுப் போட்டதுபோல இருந்தது.

பேராச்சி அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "என் பேர என்னைவிட நீ நல்லா எழுதுத" என்றாள். கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மாரீஸ்வரியின் கடிதத்துக்கு வந்தோம். இன்னும் அரை மணி நேரம்.

"எட்டு வருஷம் மூணு மாசம்னு போடுங்க."

"பத்துக்குக் கம்மின்னா தூக்கி ஓரமா வச்சிருவான்."

"போடுங்க அண்ணாச்சி."

"பிளேடு விஷயம்?"

"அது போயிட்டு. விடுங்க."

"பின்ன என்னத்தத்தான் எழுத? கிழிஞ்ச துணி தச்சேன்னா?" என்று கத்தியேவிட்டேன். "உன் பேர்ல சேந்த பெறகு நீ ஒண்ணுமே செய்யலையா?"

அவள் யோசித்தாள். பிறகு, சொல்லலாமா என்று சந்தேகப்பட்டதுபோலச் சொன்னாள். "கொரோனால தாராவிய அடைச்சாங்கல்லா. வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாதுன்னாங்க. நான் போயிட்டேன். நாப்பத்தோரு நாளு துணி ரூம்லயே படுத்துக் கிடந்தேன். மத்தவங்க யாரும் வரல. முகமூடி கிடைக்காதப்ப, பழைய தியேட்டர் துணிய வெட்டித் தச்சுக் குடுத்தேன். எத்தனைன்னு எண்ணல."

"இத ஏன் தாயி மொதல்லயே சொல்லல?"

"இது வேலைதான."

நான் அடித்தேன். இந்தத் தடவை அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையில் ஆங்கிலத்தில் வைத்தேன், அவ்வளவுதான். கடைசியில் ஒரு வரி அவளே சொன்னாள்: நீங்கள் கேட்ட பத்து வருடம் என்னிடம் இல்லை, அது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பிரிண்ட் எடுத்து வைத்தேன். மணி இரண்டு ஐம்பது. அவள் பேனாவைக் கடிதத்தின் அடியில் வைத்தாள். கை ஓடியது. பாதியில் நின்றது.

எட்டிப் பார்த்தேன். பேரா என்று எழுதியிருந்தாள்.

கையை நெருப்பில் வைத்ததுபோல இழுத்துக்கொண்டாள். "ஐயோ அண்ணாச்சி" என்றாள், சத்தமே வரவில்லை. பேராச்சியும் எட்டிப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பவும் பிரிண்ட் கொடுத்தேன். அது வருவதற்குள் ஒரு பழைய பில்லைத் திருப்பி அவள்முன் போட்டேன். "இதுல போட்டுப் பாரு." போட்டாள். மாரீஸ்வரி என்று நான்கு தடவை. நான்கும் நான்கு மாதிரி. ஆஸ்பத்திரியில் எட்டு வருடமாக விரல்தான் வைத்திருக்கிறாள். வெளியிலும் எப்போதாவதுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சொந்தப் பெயருக்கு அவள் கையில் ஒரு வடிவமே இல்லை. கடைசியில், பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல எழுத்து எழுத்தாக எழுதினாள். வரி மேலே ஏறிக்கொண்டு போனது. பார்க்க அழகாக இல்லை.

இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். முட்டி முடியாதவளை மாரீஸ்வரி கையைப் பிடித்துப் படி இறக்கினாள். வழியில் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு அடிக்கும் வரை மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு ஐந்துக்கு போனில் ஒரு செய்தி வந்தது. குடுத்தாச்சு, மூணு அம்பத்தாறு.

மூன்று வாரம் கழித்து வந்தாள். கையில் அவள் கடிதத்தின் நகல், மேலே ஆபீஸ் முத்திரையோடு. முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, கிடைக்கவில்லை.

நகுல் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். மேஜையில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாராம். வாபஸ் கடிதம் ஒன்று, இவளுடையது ஒன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாராம். இவளுக்கு ஏசியிலும் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. கடைசியில் இந்தியில் சொன்னாராம், பேராச்சியின் கையெழுத்து பிரமாதம், உன்னுடையது இன்னும் பழகவில்லை. அப்புறம் வாபஸ் கடிதத்தை ஃபைலுக்குள் போட்டு நாடாவால் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. பத்து என்றால் பத்துதான், தன் கையில் இல்லை என்றார். வெளியாள் ஒருவரை இரண்டு வருட கான்டிராக்டில் எடுக்கிறார்களாம். அது முடிந்ததும் பதவி மறுபடி வருமாம்.

நான் விடவில்லை. "உன் கையால அந்தப் பதவிய விட்டுட்டு வந்து நிக்க. அந்த மூணரை வருஷம் மட்டும் உன் கணக்குல இருந்திருந்தா..."

"அது பேராச்சி வருஷம் அண்ணாச்சி" என்றாள்.

"உங்க மதினி என்ன சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல. சர்ட்டிபிகேட்ட மட்டும் திரும்பச் சொவத்துல மாட்டல."

நகலை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை லேமினேட் செய்யச் சொன்னாள். சூடாக வெளியே வந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள், முத்திரையை அல்ல, கீழே மேலேறிப் போகும் அந்தக் கோணல் கையெழுத்தை. படியிறங்கும்போது திரும்பினாள்.

"ரெண்டு வருஷம்தான அண்ணாச்சி. இந்தத் தடவை என் பேர்லதான நிக்கேன்."